காவியாவின் கொழுப்பு

அத்தியாயம் 9

போன அத்தியாயத்தின் கடைசியில், அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் ரயில் நின்றபோது காவியாவின் அம்மா வினோதினி தன் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பிரித்தாள். அவளை அப்படியே ஜன்னலோரத்தில் உட்கார வைத்துவிட்டு, நாம் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம், அவள் மட்டும் அந்த ஒரு வரியோடு பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்து, ஊர் வந்து, உலை வைத்து, சோறு வடித்து, படுத்து எழுந்தும்விட்டாள்.

சீட்டில் இருந்தது அதிகமில்லை. மகள் ரத்தத்தில் இருக்கும் அதே மஞ்சள் காமாலைக் கிருமி, பி வகை, தாயின் ரத்தத்திலும் இருக்கிறது. அவ்வளவுதான்.

இதுவரை நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பதினோரு வயது காவியா கொழுகொழுவென்று இருப்பாள். ஊரே அவள் கன்னத்தைக் கிள்ளும். பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டரம்மா ஒருவருக்கு மட்டும் அந்தக் கன்னம் பிடிக்கவில்லை. எடை பார்த்தார், இடுப்பை அளந்தார், ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். ஈரலில் கொழுப்பு படிந்திருப்பது தெரிந்தது. அது போதாதென்று ரத்தப் பரிசோதனையில் இந்தக் கிருமியும் வந்து நின்றது. ஒன்று சாப்பாட்டால் வந்தது, மற்றது பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாம், தாயை முதலில் பார்ப்போம், பிறகு வீட்டில் எல்லோரையும் பார்ப்போம் என்றார்கள் பட்டணத்து ஆஸ்பத்திரியில். தாயைப் பார்த்தாகிவிட்டது.

வீட்டில் மீதி இருப்பது விமல் ஒருவன்தான். வினோதினியின் புருஷன். காட்டுப்பள்ளிப் பக்கம் ஒப்பந்த வேலை. திங்கட்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் அவனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் கீதா சிஸ்டர். அவனுக்குக் கிருமி இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றிவிடலாம். இருந்தால் அதற்கும் வழி உண்டு. ஆனால் கூப்பிட்டால் எதற்கு என்று கேட்பான். எதற்கு என்று சொன்னால், 'உனக்கு எங்கேர்ந்து வந்துச்சு?' என்று கேட்பான்.

அதற்கு அவளிடம் பதில் இல்லை. பெற்றவளிடமிருந்து வந்ததா, சின்ன வயதில் எங்கேயோ போட்ட ஊசியிலிருந்து வந்ததா, யார் கண்டார்கள்? பெற்றவள் போய்ச் சேர்ந்தே பதினைந்து வருடமாகிறது. ஒரு பெண்ணைப் பார்த்து எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால், அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் உட்கார்ந்திருக்கும். அது அவளுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் அவன் வேலை முடிந்து வந்ததும் சொல்லியாக வேண்டும்.

*

ஏரியில் அன்றைக்குக் காற்றே இல்லை. மாசிப் பனி தண்ணீர்மேல் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. எங்கே தண்ணீர் முடிந்து எங்கே வானம் தொடங்குகிறது என்று சொல்ல முடியாத ஒரு வெளுப்பு. அந்த வெளுப்புக்குள் எட்டுப் பெண்கள் முட்டி போட்டு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். தலையும் தோளும்தான் வெளியே தெரிந்தன. தூரத்தில் பூநாரைகள் நிற்பது தெரியவில்லை, அவற்றின் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

இவர்கள் வலை போடுகிறவர்கள் இல்லை. கையாலேயே இறால் பிடிக்கிறவர்கள். இரண்டு கையையும் சேற்றில் விரித்துத் தடவிக்கொண்டே போக வேண்டும். விரலில் துள்ளுவதை அமுக்கிப் பிடித்துப் பறியில் போட வேண்டும். பறி என்பது பனையோலையில் முடைந்த சின்னக் கூடை. கை இரண்டும் சேற்றில் இருக்கும்போது பறியை வாய்தான் பிடித்தாக வேண்டும். விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு மூன்று மணி நேரம் நகர்வார்கள். அதனால் வேலை நேரத்தில் பேச்சு கிடையாது. ஊரிலேயே அதிகம் பேசுகிற முனியம்மாள்கூட அந்த நேரம் ஊமைதான். அவள் புருஷன், விமலின் அண்ணன் சுப்பன், அதை கடவுளாகப் பார்த்துப் போட்ட பூட்டு என்பான்.

வினோதினிக்கு அந்த மௌனம் பிடிக்கும். கை தன்பாட்டுக்கு வேலை செய்யும், மனசு தன்பாட்டுக்கு எங்கேயாவது போகும். இன்றைக்கு அது ராத்திரி கண்ட கனவுக்கே திரும்பிப் போனது. கனவிலும் இதே ஏரிதான். தண்ணீர் மட்டும் மஞ்சளாக இருந்தது. அதில் நடந்து வந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் கண் வெள்ளை வெளேரென்று இருந்தது. யாரோ ஒருவர் அவளிடம், பார்த்தாயா, எங்களுக்கு ஒன்றுமில்லை என்றார். விழித்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். அவள் கண்ணும் வெள்ளையாகத்தான் இருந்தது. தூங்குகிற காவியாவின் இமையை விலக்கிப் பார்த்தாள். அதுவும் வெள்ளை. மஞ்சள் காமாலை என்று பெயர் வைத்துக்கொண்டு மஞ்சளே இல்லாமல் ஒரு நோவு உடம்புக்குள் குடியிருக்க முடியுமா என்று அவளுக்கு இன்னமும் விளங்கவில்லை.

பட்டணத்து ஆஸ்பத்திரி டாக்டர் ஈரலைத் தாளில் வரைந்து காட்டியிருந்தார். கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரி இருந்தது. சேற்றைத் தடவிக்கொண்டே வினோதினி அந்தத் தோணியை நினைத்தாள். தன் விலாவுக்குக் கீழே ஒன்று, காவியாவின் விலாவுக்குக் கீழே சின்னதாக ஒன்று. பனிக்குள் அவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் சத்தமில்லாமல் மிதந்து போயின.

காவியாவே தோணியில் பிறந்தவள்தான். கார்த்திகை மழையில் வினோதினிக்கு வலி எடுத்து, அக்கரைக்குக் கொண்டுபோகத் தோணியில் ஏற்றினார்கள். பாதி ஏரியில், மேலேயும் தண்ணீர் கீழேயும் தண்ணீராக இருந்தபோது காவியா வந்துவிட்டாள். பிள்ளையைக் கையில் வாங்கியது ஓரகத்தி முனியம்மாள். ஆஸ்பத்திரி வேண்டாம், அதுதான் பிறந்துவிட்டதே என்று தோணியைத் திருப்பிவிட்டார்கள். மழை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போனது ஐந்தாம் நாள். பதினோரு வருடமாக அந்த வீட்டில் இதைவிடப் பெருமையான கதை கிடையாது. யார் வந்தாலும் சொல்வார்கள். காவியாவுக்கு மனப்பாடம்.

நேற்று கீதா சிஸ்டர், "பொறந்த அன்னிக்கே ஒரு ஊசி போடுவாங்களே, போட்டாங்களா?" என்று கேட்டபோது, வினோதினி பழக்கதோஷத்தில் அதே பெருமையோடு ஆரம்பித்துவிட்டாள். "இவ தோணில பொறந்தவ சிஸ்டர்." பாதி சொல்லும்போதே சிஸ்டரின் பேனா நின்றுவிட்டது. கர்ப்பத்தில் ரத்தம் எடுத்தார்களா என்று அடுத்த கேள்வி. எடுத்தார்கள். முடிவைப் போய் வாங்கினாயா? வாங்கவில்லை. இறால் சீசன். அப்புறம் போகலாம் என்று இருந்துவிட்டாள். சிஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது அவளுக்கு.

கையில் ஏதோ குத்தவும் வினோதினி ஏரிக்குத் திரும்பி வந்தாள். வெறும் கிளிஞ்சல்தான்.

அப்போதுதான் முனியம்மாள் பக்கத்தில் வந்தாள். அவள் பறியின் விளிம்பு பிய்ந்துபோயிருந்தது. இது ஒன்றும் புதிதில்லை. ஒருத்தி பறி பிய்ந்தால் மற்றவள் பறியில் இருவரும் போட்டுக்கொண்டு, அதை மாறி மாறிக் கவ்வுவார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஓரகத்திகள் இருவரும் அப்படித்தான். முனியம்மாள் ஒரு வார்த்தை பேசாமல் வினோதினியின் வாயிலிருந்த பறியைப் பிடித்து இழுத்தாள், தன் வாயில் வைத்துக்கொள்ள.

வினோதினி பல்லை இறுக்கினாள். உப்புத் தண்ணீரில் வெடித்த உதடு காலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. பறி விளிம்பில் ரத்தம் இருந்தது, கொஞ்சம்தான், கடுகளவு. 'ஒண்ணா சாப்ட்டா வராது, தொட்டா வராது, கட்டிப் புடிச்சா வராது. ரத்தம் மட்டும் கலக்கக் கூடாது' என்று சிஸ்டர் சொன்னது காதில் கேட்டது. கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்து அவளைக் கலக்கியது. அன்றைக்குத் தோணியில் முனியம்மாளின் இரண்டு கையும் முழங்கை வரைக்கும் ரத்தம்.

முனியம்மாள் இழுக்க, இவள் விடாமல் பின்னால் போக, பறி கவிழ்ந்தது. ஒன்றரை மணி நேரத்து இறால் அவர்கள் இடுப்பைச் சுற்றித் துள்ளிப் போனது.

"இன்னாடி ஆச்சு உனக்கு?" முனியம்மாளின் பூட்டு திறந்துகொண்டது. "என் வாயி இன்னா சாக்கடையா?"

"இல்லக்கா, உதடு..."

"நாலு வாட்டி பட்டணத்துக்குப் போயிட்டு வந்தா எச்சி பாப்பியா நீ? உன் பொண்ணுக்கு மொத மொத வாயில தண்ணி ஊத்துனவடி நான்."

மற்ற ஆறு பெண்களும் நின்று பார்த்தார்கள். எல்லோர் வாயிலும் பறி. எதுவும் கேட்க முடியவில்லை. பனிக்குள் ஆறு ஜோடிக் கண்கள் மட்டும் அகலமாகத் திறந்திருந்தன. வினோதினிக்கு அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் போல இருந்தது. ஆனால் புருஷனுக்குச் சொல்லாததை ஏரிக்குச் சொல்ல முடியாது. தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

*

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது காவியா வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, பாத்திரத்தையும் கழுவி வைத்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

இதுதான் வினோதினியை எல்லாவற்றையும்விட அதிகம் பயமுறுத்தியது. காவியா எழுந்து நிற்கிற பிள்ளை இல்லை. ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிற பிள்ளை. ஸ்கேன் எடுத்து வந்த நாளிலிருந்து, இன்றோடு பத்து நாள், 'சரிம்மா', 'இல்லம்மா' இரண்டும்தான் அவள் வாயிலிருந்து வருகிறது. கிருமி மூளைக்கு ஏறிவிட்டதோ என்றுகூட ஒருநாள் ராத்திரி நினைத்து நடுங்கினாள்.

சோறு போடுவதற்குள் முனியம்மாள் வந்துவிட்டாள். பேசவில்லை. மூடிய கிண்ணத்தை ணங்கென்று வைத்தாள். ஆட்டு ஈரல் வறுவல். ஈரல் நோவுக்கு ஈரல்தான் மருந்து என்று அவளாகவே முடிவு கட்டி, இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. எண்ணெய் கிண்ணத்தின் விளிம்பு வரை மிதந்தது.

"கரண்டியால எடுத்து வெச்சது. எச்சி இல்ல" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஈரல் என்றாலே காவியாவுக்கு ஆகாது. போன மாதமாக இருந்தால் கிண்ணத்தையே தூக்கித் தெருவில் வைத்திருப்பாள். இன்றைக்கு அவளாகவே எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

"வாணாம்னா வுட்டுடு காவியா. டாக்டரே எண்ண வாணாம்னுதான் சொல்லிக்கீறாரு."

"பெரிம்மா குடுத்தாங்களேம்மா. வாணாம்னு சொல்லக் கூடாது."

வினோதினி அவளையே பார்த்தாள். வெளியே பனி விலகி, வெயில் கூரை ஓட்டையில் இறங்கித் தரையில் வட்டம் வட்டமாகக் கிடந்தது. எங்கோ ஒரு தோணியின் மோட்டார் சத்தம் வந்து, தேய்ந்து, போனது. வேறொரு வீட்டில் வேறொரு பிள்ளையோடு உட்கார்ந்திருப்பது போல இருந்தது அவளுக்கு.

"எம்மா" என்றாள் காவியா.

"இன்னாடி?"

"மறுபடி எப்போ ஸ்கேன் எடுப்பாங்க?"

"மூணு மாசம் போவட்டும்னாங்க."

"அதுக்குள்ள கொறஞ்சிடுமா?"

"இன்னா கொறையணும்?"

"கொழுப்பு." காவியா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் இப்போ யாரையும் எதுத்துப் பேசறதில்ல. பெரிம்மாவ கிண்டல் பண்றதில்ல. கிளாஸ்ல மோகன்குமார் சாருக்குப் பட்டப்பேரு வெச்சேன் இல்ல, அத்தயும் எடுத்துட்டேன். அப்போ கொறையும் இல்ல?"

வினோதினிக்கு முதலில் புரியவில்லை.

"நீதான சொல்லுவ," என்றாள் காவியா, குரல் கம்மி. "உனக்கு ஒடம்பு பூரா கொழுப்புடின்னு. பெரிம்மா சொல்லுவாங்க, சாரு சொல்லுவாரு. நான் சும்மா சொல்றீங்கன்னு நெனச்சேன். டாக்டரு மெசின் வெச்சுப் பாத்து, ஆமா, கீதுன்னு சொல்லிட்டாரு."

சிரிக்காதீர்கள். திமிருக்கும் கொழுப்பு, ஆட்டுக் கறியில் மிதப்பதற்கும் கொழுப்பு என்று நாம்தான் ஒரே பெயரை வைத்தோம். வைத்துவிட்டு, பிள்ளைகள் தானாகப் பிரித்துப் புரிந்துகொள்ளும் என்று விட்டுவிட்டோம். பத்து நாளாக ஒரு பதினோரு வயதுப் பிள்ளை, தன் வாய்த்துடுக்கு ஈரலில் போய்ப் படிந்துவிட்டது என்று நம்பி, வாயைக் கட்டி வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வினோதினி சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கனத்த பிள்ளை, கால் மரத்துப் போனது, விடவில்லை.

"ஏ பைத்தியம். அந்தக் கொழுப்பு வேற, இந்தக் கொழுப்பு வேறடி."

"வேறயா?"

"வாயி பேசினா இது ஏறாது. டெய்லி நைனா வாங்கியாற பரோட்டா, அந்தக் கலர் பாட்டிலு, போன வெச்சிக்கினு ஒரே எடத்துல குந்திக்கினு கெடக்குறது, அதனால ஏறுனது. நடந்தா, ஓடுனா, பாட்டில வுட்டா எறங்கிடும். நீ எத்தினி வாய் வேணா பேசு."

காவியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். யோசித்தாள். அவள் முகத்தில் பழைய காவியா மெல்ல எட்டிப் பார்த்தாள்.

"அப்போ பத்து நாளா சும்மாவா நான் பேசாம கெடந்தேன்? இந்த ஈரலையும் சும்மாவா துன்னேன்? இன்னாம்மா நீ, மொதல்லயே சொல்ல மாட்டியா? எங்க கிளாஸ் ஹேமந்து இன்னா பேச்சு பேசுனான் தெரியுமா? நான் ஒண்ணுமே சொல்லாம வந்தேன். நாளைக்கு கீது அவனுக்கு."

"நாளைக்கு ஆஸ்பத்திரி."

"நாளன்னிக்கு கீது அவனுக்கு."

அடைத்து வைத்திருந்த பத்து நாளும் மடமடவென்று வந்தது. வினோதினி கேட்டுக்கொண்டே இருந்தாள். இவ்வளவு நல்ல சத்தத்தை அவள் கேட்டு வெகு நாளாகிவிட்டது.

ஓய்ந்த பிறகு காவியா, கொஞ்சம் தயங்கிக் கேட்டாள். "அந்த இன்னொண்ணு? ரத்தத்துல கீதே, அந்தப் பூச்சி. அது நான் இன்னா பண்ணதுனால வந்துச்சு?"

அதற்கும் அவள் ஒரு குற்றத்தைத் தேடி வைத்திருப்பாள் என்று வினோதினிக்குத் தெரிந்தது. சொல்லாமல் தள்ளிப்போடலாம். இன்னும் கொஞ்சம் பெரியவளாகட்டும் என்று இருந்துவிடலாம். ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தாள்.

"நீ ஒண்ணும் பண்ணல. அது என் ரத்தத்துல இருந்துச்சு. நீ தோணில பொறந்தே இல்ல, அப்போ உங்கிட்ட வந்துடுச்சு. அன்னிக்கே உனக்கு ஒரு ஊசி போட்டிருந்தா தடுத்திருக்கலாமாம். நாங்க போடல. எனக்குத் தெரியலடி."

காவியா தன் வயிற்றின் வலப்பக்கம் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அம்மாவின் வயிற்றிலும் அதே இடத்தில் வைத்தாள். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"உனக்கு நோவுதா?"

"இல்ல."

"எனக்கும் நோவல. தூங்கினு கீதா அது?"

"அப்படித்தான் சொன்னாங்க. இப்போதிக்கு மருந்து வாணாமாம். ஆறு மாசத்துக்கு ஒரு தபா ரத்தம் குடுத்துப் பாத்துக்கினே இருக்கணும். முழிச்சிக்கினு வேலையக் காட்டுச்சின்னா மாத்திரை கீது. ஈரல்ல கொழுப்பும் சேந்தா அதுக்குத் தாங்காது. அதனாலதான் பரோட்டா வாணாம்ங்குறது."

"நைனாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"இன்னிக்கு சொல்லுவியா?"

"சொல்லணும்."

"திட்டுமா நைனா?"

வினோதினி சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைத்தாள். காவியா கையை எடுக்காமலே அவள் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். இருவரும் அப்படியே கண்ணயர்ந்தார்கள். தரையில் கிடந்த வெயில் வட்டங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து சுவரில் ஏறின.

*

ஐந்தரை மணிக்கு இருவரும் கரை வழியாக பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார்கள். போக வர மூன்று கிலோமீட்டர். டாக்டர் சொன்ன நடையும் ஆயிற்று, விமலை வழியிலேயே பார்த்த மாதிரியும் ஆயிற்று. வீட்டில் வைத்துச் சொன்னால் சுவருக்கு அந்தப் பக்கம் முனியம்மாளின் காது இருக்கும்.

ஏரி இளஞ்சிவப்பாகக் கிடந்தது. காவியா வழி நெடுக ஹேமந்துக்குச் சொல்லப்போகும் பதில்களை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். வினோதினி தன் பதில்களை ஒத்திகை பார்த்தாள். என்ன சொன்னாலும் அந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொண்டது.

கம்பெனி பஸ் விமலை இறக்கிவிட்டுப் போனது. கையில் வழக்கமான பொட்டலம். இருவரையும் ஒன்றாகப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"இன்னாது, ரெண்டு பேரும் ஊர்கோலமா?"

"நைனா, இனிமே பரோட்டா வாங்கியாராத. நான் ஓடுறேன் பாரு" என்று சொல்லிவிட்டு காவியா முன்னால் ஓடினாள். பத்தடியில் மூச்சு வாங்கி நின்றாள். மறுபடி ஓடினாள்.

"வாயி தொறந்துக்குச்சே" என்றான் விமல், ஆச்சரியத்தோடு.

"இந்தாய்யா, நில்லு."

அவன் நின்றான். ஏரியைப் பார்த்துக்கொண்டு வினோதினி சொன்னாள். சுற்றி வளைக்க நினைத்தது எல்லாம் மறந்துபோய்விட்டது.

"காவியாவுக்குக் கீதே அந்தக் கிருமி, எனக்கும் கீதாம். சீட்டு வந்துடுச்சு. எங்கிட்டேர்ந்துதான் புள்ளைக்குப் போயிக்கீது. நாளைக்கு நீயும் வந்து ரத்தம் குடுக்கணும்."

சொல்லி முடித்துவிட்டு, அடுத்து வரப்போவதற்காகத் தோளை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

அது வரவில்லை. விமல் பொட்டலத்தைத் தரையில் வைத்தான். அங்கேயே குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்கிட்டேர்ந்து இல்ல வினோ" என்றான். "எங்கிட்டேர்ந்துதான் உனக்கு வந்திருக்கும்."

"இன்னா சொல்ற?"

"வேலைக்கு சேரும்போது ரத்தம் எடுத்தாங்க. எனக்கு கீதுன்னு சொன்னாங்க. ஒடம்புல ஒண்ணும் தெரியல, கண்ணும் மஞ்சளாவல. நான் அந்தச் சீட்ட மடிச்சி வெச்சிட்டேன். காவியாவுக்கு ஸ்கேன் எடுத்ததுலேர்ந்து நான் தூங்கலடி. உங்கிட்ட இன்னான்னு சொல்றதுன்னு தெரியல."

"வேலைக்கு சேந்து எத்தினி நாளாச்சு?"

"மூணு வருசம்."

காலையிலிருந்து அவளைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்த பயம் ஒரு நொடியில் போய்விட்டது. உடம்பே லேசானது. அழலாம் போல, அவன் தலையைத் தடவலாம் போல இருந்தது. அதற்குள் மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. மூன்று வருடம். காவியாவுக்கு அப்போது எட்டு வயது. அன்றைக்கே சொல்லியிருந்தால் அன்றைக்கே அவளைப் பார்த்திருக்கலாம். அந்தப் பொட்டலமும் பாட்டிலும் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே பார்த்திருக்கலாம். யார் யாருக்குக் கொடுத்தது என்பது டாக்டருக்கே தெரியாமல் போகட்டும். இவனுக்குத் தெரிந்திருந்தது, வாயைத் திறக்கவில்லை. ஒரு சீட்டை ஒரு நாள் மறைத்ததற்கே அவள் காலையிலிருந்து செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறாள். இவன் மூன்று வருடம் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறான். வினோதினிக்கு இவ்வளவு கோபம் வாழ்க்கையில் வந்ததில்லை.

"உனக்கு எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டாள்.

கேட்ட பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவளுக்கே உறைத்தது. திருப்பி வாங்கிக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

முன்னால் போன காவியா திரும்பி நின்று, சீக்கிரம் வரச் சொல்லி இருவரையும் கூப்பிட்டாள். விமல் அவளைப் பார்த்தான். பிறகு அவளையும் தாண்டி, ஊரின் முதல் வீடாகத் தெரிந்த தன் அண்ணன் சுப்பன் வீட்டைப் பார்த்தான்.

"அது என் ஒருத்தன் கத இல்ல. அத்த அண்ணனையும் அண்ணியையும் பக்கத்துல வெச்சிக்கினுதான் சொல்லணும்" என்றான்.